பந்தயத்தை நிறுத்திய சிவப்புத் துணி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திக்கொள்வதாகச் சொல்லித்தான் இதை எழுதச் சொன்னார்கள். அதனால் இதில் பிழை இருந்தால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை இல்லாவிட்டால் திருத்தியவருக்கு நன்றி சொல்லுங்கள்.

எழுதச் சொன்னவர் எங்கள் முதலாளியின் மகள். அப்பாவுக்குப் பிறகு டிராக்கைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பந்தயத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாராம். "எல்லாரும் இந்த டிராக்கை எப்ப மூடப் போறீங்கன்னே கேக்கறாங்க. இத்தனை வருசம் எப்படித் திறந்திருக்குதுன்னு யாரும் கேக்கறதில்லை. நீங்கதான் இருக்கறதுலயே பழைய ஆளு, எழுதிக் குடுங்கண்ணா" என்றார். நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் கேட்டது கோடையில். மழை பிடித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் பிரிந்து உள்ளே வந்தால் எங்கள் இடம். ஒரு காலத்தில் எஸ்டேட். எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரி மூடிய பிறகு, கொழுந்து லாரிக்காகப் போட்டிருந்த ரோடு மட்டும் மலையைச் சுற்றி வட்டமாகக் கிடந்தது. முதலாளிக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். அந்த ரோட்டுக்குத் தார் போட்டு, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி, பந்தய டிராக் ஆக்கிவிட்டார். வருடம் முழுவதும் அதைக் கூட்டுவதும் சாக்கடை வெட்டுவதும் என் வேலை. பந்தய நாளில் கற்பூர மர வளைவில் கொடி பிடிப்பேன். மஞ்சள் காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு காட்டினால் நிறுத்திவிட வேண்டும். குடியிருக்க, எஸ்டேட் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்.

இந்த மலையில் ஒரு ரோட்டைப் பந்தயத்துக்குத் தயாராக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு மழைக்காலம். ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஒவ்வொரு மழையும் தாரைக் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். நிழல் விழுகிற இடமெல்லாம் பாசி பிடிக்கும். மேலே பார்த்தால் தெரியாது, வண்டி ஏறினால் வழுக்கும். தேங்காய் நார் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் முட்டி போய்விட்டது. சில்வர் ஓக் மரத்தின் வேர் தாருக்கு அடியில் வந்து ரோட்டைத் தூக்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் காட்டெருமைகள் நடு ரோட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். அவற்றை விரட்டக் கூடாது. அவையாக எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். போன பிறகு சாணியை அள்ள வேண்டும். இத்தனைக்கும் பந்தயம் நடத்த முடிவது கோடையில் சில வாரங்கள்தான். அதிலும் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் அவ்வளவுதான், வளைவில் நிற்கும் எனக்கு என் கொடியே தெரியாது.

ஆனால் ஒரு வருடம் டிராக்கை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது இவற்றில் எதுவும் இல்லை. கொழுந்து.

ரோடு வட்டமாகப் போகிறது என்று சொன்னேன் அல்லவா. அந்த வட்டத்துக்கு நடுவில் இருக்கும் தேயிலை முதலாளியுடையது இல்லை. அக்கம்பக்கத்து விவசாயிகளுடையது. அதில் பெரிய தோட்டம் ஒரு படுகப் பெரியவருடையது. கவுடர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் மனைவி அவர் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்தாள். பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, ரோட்டைத் தாண்டிக் கீழே கொண்டுபோக வேண்டும். மத்தியானம் அங்கே வேறொரு ஃபேக்டரியின் லாரி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். லாரி யாருக்காகவும் நிற்காது. பந்தய நாளில் ரோட்டை அடைத்துவிடுவதால் கொழுந்து உள்ளேயே கிடக்கும். சாக்கில் அடைத்த கொழுந்து கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துபோகும். சாயங்காலம் கொண்டுபோனால் ஃபேக்டரியில் வாங்க மாட்டார்கள். அந்த நாள் உழைப்பு குப்பைக்குப் போகும்.

கவுடர் வந்து சொல்லிப் பார்த்தார். லாரி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்றார். மூடுபனிக்கு முன்னால் முடிக்கவே நேரம் போதவில்லை, நடுவில் எங்கே நிறுத்துவது என்றார் முதலாளி. இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் பிடித்தால் விட மாட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் ரோட்டில் எதிரெதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் உள்வட்டத்து விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து டிராக்குக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்துவிட்டார்கள். பந்தயத்தன்றே நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக ஓர் அதிகாரி சொல்லி அனுப்பினார்.

அனுமதி போனால் இடத்தை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்கு இறங்கிவிடுவேன் என்று முதலாளி என்னிடமே சொன்னார். ரிசார்ட் கட்டுகிறவர்கள் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விற்றால் லைன் வீடும் போகும். எங்களுக்குக் கீழே சொல்லிக்கொள்ள இடம் கிடையாது. என் அப்பா மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு ஏறி வந்தவர். எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் டிராக் ஆள், அவள் கவுடர் தோட்டத்து ஆள். "உங்க முதலாளி எங்க கொழுந்தை வேக வெச்சுத்தான் விடுவாரு" என்று சோறு போடும்போதெல்லாம் குத்துவாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் நான் சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிடுவேன்.

பந்தய நாள் வந்தது. ரோட்டை அடைப்பதற்கு முன்பாகவே கவுடர் தோட்டத்தில் ஆட்கள் வந்து மேல் பாத்திக்குச் சிவப்புச் சிலந்திப் பூச்சிக்கு மருந்து அடித்துவிட்டு, பெண்களைக் கீழ்ப் பாத்தியில் பறிக்க விட்டிருந்தார்கள். மருந்து அடித்த இடத்தில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பார்த்தால் பறிக்கிறவர்கள் உள்ளே போக மாட்டார்கள், மாட்டையும் விட மாட்டார்கள். பறிக்கிற பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய துணியை, வழியில் போகிறவர் கண்ணுக்குப் படும்படி ரோட்டு ஓரமாகத்தான் கட்டுவார்கள். அன்றைக்கும் கட்டியிருந்தார்கள். கற்பூர மர வளைவில், நான் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், என் தலைக்கு மேலே மேட்டில். பனியில் நனைந்து குச்சியோடு ஒட்டிக் கிடந்ததால் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பந்தயம் தொடங்கியது. வண்டிகள் இரண்டு முறை என்னைக் கடந்து போயின. வெயில் ஏறியது. காற்றும் எழும்பியது. மூன்றாவது சுற்றில் முதலில் வந்தவன் என்னைப் பார்த்ததும், பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு கையைத் தூக்கினான். வேகத்தைக் குறைத்து என் முன்னாலேயே வந்து நின்றுவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் கையைத் தூக்கினான். கொஞ்ச நேரத்தில் வளைவு முழுக்க வண்டிகள் புகைந்துகொண்டு நின்றன. வண்டிகள் நிற்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வளைவில் கொடி பிடித்திருந்தவன் அவனுடைய சிவப்புக் கொடியைக் காட்டினான். அவனைப் பார்த்து அதற்கடுத்தவன் காட்டினான். அப்படியே டிராக் முழுவதும் நின்றுவிட்டது.

முதலில் வந்தவன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "யாருண்ணா விழுந்தது?" என்று கேட்டான்.

"யாரும் விழலீங்களே."

"அப்பறம் எதுக்கு ரெட் காட்டுனீங்க?"

நான் கையைக் காட்டினேன். என்னிடம் இருந்தது மஞ்சள் கொடி. அதையும் சுருட்டி அக்குளில் வைத்திருந்தேன். அவன் என் தலைக்கு மேலே விரலை நீட்டினான். திரும்பிப் பார்த்தேன். துணி வெயிலில் காய்ந்து, காற்றில் விரிந்து, கொடியைவிட நன்றாகப் பறந்துகொண்டிருந்தது. அது என் மனைவியின் பழைய உள்பாவாடை. இடுப்பில் நாடா போகும் இடத்தில் நீல நூலால் தைத்திருந்தது. அதைத் தைத்தவன் நான்தான்.

அந்த நேரம் பார்த்துக் கீழே கொழுந்து லாரி ஹாரன் அடித்தது. வண்டிகள் நிற்பதைப் பார்த்ததும் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ரோட்டில் இறங்கினார்கள். பந்தயக்காரர்கள் வண்டியை ஓரமாகத் தள்ளி வழி விட்டார்கள். ஒரு கிழவி அவர்களுடைய ஹெல்மெட்டைப் பார்த்து, "என்னங்கடா, ஆளுக்கொரு சட்டியத் தலையில கவுத்துட்டு நிக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியாக என் மனைவி வந்தாள். என் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"ஏனுங்க, எங்களுக்காகவா நிறுத்துனீங்க?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "லாரி போயிரும், போ" என்றேன்.

அவள் தாண்டிக்கொண்டிருக்கும்போதே ஜீப் ஒன்று மேலே ஏறி வந்தது. முன்னால் அதிகாரி. பின்னால் ஒரு ஓரத்தில் முதலாளி, இன்னொரு ஓரத்தில் கவுடர். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையேறும் வழியில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அதிகாரி அப்போதுதான் வந்திருந்தார். பந்தயம் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது நிற்கும் வண்டிகளையும், தாண்டிப் போகும் கொழுந்தையும்தான். இறங்கி நின்று கடைசி மூட்டை தாண்டும்வரை பார்த்தார்.

"இதுல என்னங்க பிரச்சனை? நல்ல ஏற்பாடாத்தானே இருக்குது" என்றார் முதலாளியிடம்.

முதலாளி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் பொய் பேசத் தெரியாதவர். கவுடர் லாரியில் மூட்டை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிராக் அன்றோடு முடிந்திருக்கும்.

"இன்னிக்கித்தானுங்க இப்படி நிறுத்தியிருக்குது" என்றார் கவுடர் மெதுவாக. "இதுக்கு முன்னால நிறுத்துனதில்லீங்க. இனிமே இதே மாதிரி நிறுத்துனா எங்களுக்குப் போதும். வேற ஒண்ணும் கேக்கலீங்க."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி ரோட்டைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் இருந்தது. "நிறுத்திடலாமுங்க" என்றார், கவுடரைப் பார்த்து. ஆறு வருடம் கழித்து அவர் கவுடருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அதோடு போயிருக்கலாம். அதிகாரி என் பக்கம் திரும்பி, சரியான நேரத்துக்கு நிறுத்தியது நான்தானா என்று கேட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் எனக்கும் முதலாளி மாதிரிதான், பொய் வரவில்லை.

"நான் இல்லீங்க. அது நிறுத்துச்சுங்க" என்று மேலே காட்டினேன். "மருந்தடிச்ச காட்டுக்குக் கட்டுனதுங்க. கொடின்னு நெனச்சு நின்னுட்டாங்க."

அது யாருடைய துணி என்று கவுடர் கேட்டார். ஊட்டுக்காரியுடையது என்றேன். கவுடர் அண்ணாந்து பார்த்தார். அது துணி இல்லை, பாவாடை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் அவர் சிரித்தார். பிறகு முதலாளி சிரித்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அதிகாரி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு அந்த வளைவில் நின்றபோது நெஞ்சுக்குள் எத்தனையோ நாளாக அடைத்திருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. மூச்சு தாராளமாகப் போய் வந்தது.

அனுமதி கிடைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "என் பாவாடைய ஊருக்கே காட்டிக் குடுத்துட்டீங்களே" என்றாள். அன்றைக்கு நான் சோற்றைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். திட்டிக்கொண்டேதான் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள்.

அடுத்த பந்தயத்திலிருந்து லாரி ஹாரன் கேட்டால் கற்பூர மர வளைவில் சிவப்பு காட்டுவோம். கொழுந்து தாண்டும். வெளியூரிலிருந்து புதிதாக வரும் பையன்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். பிறகு அவர்களே மூட்டைக்குக் கை கொடுப்பார்கள். மருந்து அடித்த இடத்தில் கவுடர் இப்போது மஞ்சள் சாக்குத் துணி கட்டுகிறார். மஞ்சள் கொடியோடு அது குழம்பாதா என்று ஒருவர் கேட்டார். சாக்கு எப்போதும் பறக்காது, கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன்.

டிராக்குக்குக் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை இன்னும் தாரைத் தின்கிறது. ரிசார்ட்டுக்காரர்கள் இன்னும் வந்து பார்க்கிறார்கள். போன வருடம் சத்தம் தாங்கவில்லை என்று புதிதாகப் பங்களா வாங்கியவர்கள் மனு கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் கிளம்பும்போது கவுடரின் மகனும் உள்வட்டத்து ஆட்களும் தாங்களாகவே கூட வந்தார்கள். அவர்கள் பேசியதால் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

இந்த டிராக் ஏன் மூடும் நிலைக்கு வருகிறது என்று கேட்டால் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஏன் மூடவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நடுவில் இருப்பவர்கள் தாண்டிப் போக வழி இருக்கிறது.

வெளியே மழை விடவில்லை. கற்பூர மர வளைவில் சாக்கடை அடைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய் வெட்டிவிட வேண்டும். அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

எழுதி முடித்தது ஆடி மாதம் பதினெட்டாம் தேதி.