கேமராவை மறைத்த கை

அன்று மாலை பாடாங் கோத்தா கடற்சுவரில் அலைகள் மர உயரத்துக்கு எழும்பி உடைந்தன. எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. சுவரை ஒட்டி நின்று, சுவர் நெடுக உடையும் அலைகளைப் படமாக எடுத்துத் தள்ளினேன். அப்போது பக்கத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்து விற்கும் கடைக்காரர் கையை ஆட்டிக்கொண்டு கேமராவுக்கு நேரே ஓடிவந்தார்.

“அண்ணே, தள்ளுங்க லா! படம் கெட்டுப்போவுது!” என்று கத்தினேன்.

அவர் கேமரா வாரைப் பிடித்து என்னை இழுத்தார். இருவரும் புல்லில் விழுந்தோம். என் முதுகுக்குப் பின்னால் எழுந்திருந்த அலை, நான் நின்ற இடத்தில் இறங்கி, அங்கே கீழே வைத்திருந்த என் பையை அள்ளிக்கொண்டு போனது.

“படத்துல நல்லா விழுந்திருக்கேனா, தம்பி?” மூச்சு வாங்கச் சிரித்தார்.

கடைசிப் படத்தில் அலையே இல்லை. முழுக்க அவருடைய உள்ளங்கைதான். நான் எடுத்தவற்றில் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அதை மட்டும்தான்.