பதினாறாம் நாள் படையலும் மஞ்சள் கனெக்டரும்

நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். மாத்தளையில் ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்கு வயரிங் இழுத்தது இந்தக் கைதான். வில்கமுவையில் கரண்ட் எட்டாத வயலுக்கு ட்ராக்டர் பேட்டரியை வைத்துத் தண்ணீர் இறைத்துக் காட்டினேன். நடக்காது என்று சொல்லிவிட்டுப் போன இன்ஜினியர் திரும்பி வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். கோயில் தேருக்கு மழையிலும் அணையாத விளக்குப் போட்டேன். தகரக் கொட்டகையாய் ஆரம்பித்த கடை இன்று இரண்டு மாடி. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாதது பெருவிரல் நுனியளவு வேலை ஒன்று. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு மிளகு வியாபாரி இருந்தார். ரிமோட் கார் என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யட்டவத்தைக் கூட்டாளிகளோடு பாடசாலை மைதானத்தில் ஓட்டுவார். திடீரென்று நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்கு முதல் நாள் அவருடைய மனைவி அந்தக் காரை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். பேட்டரி வயர் இரண்டும் மொட்டையாக இருந்தன.

"அறுத்தது நான்தாண்ணே" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் பாக்குவெட்டியை எடுத்து இரண்டு வயரையும் ஒரே வெட்டாக வெட்டியிருக்கிறார். நெருப்புத் தெறித்து, வெட்டியின் வாயில் ஒரு துண்டே உருகிப் போனதாம். வியாபாரி காரை எடுத்து அலுமாரி மேல் வைத்தாராம். அந்தச் சண்டை நடந்த பத்தாம் நாள் செத்துப்போனார்.

"அறுத்ததுக்குப் பொறவு எங்கூட சரியாவே பேசல. நாளைக்குப் படையல்ல இது உசுரோட இருக்கணும். நான் அறுத்தபடியே வைக்க முடியாதுண்ணே."

பழைய பேட்டரி ஊதி அப்பமாகியிருந்தது. புதியது ஒன்று எடுத்தேன். பேட்டரியையும் காரையும் இணைக்கிற கனெக்டர் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சின்னது இந்த மோட்டார் இழுக்கிற இழுப்புக்கு உருகிவிடும். சிவப்புத் தட்டை பரவாயில்லை, ஆனால் பிடிக்க இடமில்லாமல் விரல் வழுக்கும். மஞ்சளை எடுத்தேன். அதற்கு ஒரு பக்கம் மூலை வெட்டியிருக்கும், மாற்றிச் செருக நினைத்தாலும் செருக முடியாது. பேட்டரிப் பக்கம் எப்போதும் குழி உள்ள பாதிதான் வர வேண்டும். கரண்ட் உள்ள ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வயரை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும் என்று சொல்ல வந்து, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். சூடு பட்டால் சுருங்குகிற குழாயை முதலில் வயரில் கோத்து, பிளாஸ்டிக் இளகாமலிருக்க ஜோடியை மாட்டி வைத்துக்கொண்டு ஈயம் வைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. மாட்டிய ஜோடியை ஒரு கையால் இழுத்தால் பிரியாது, அவ்வளவு இறுக்கம்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி வாசல்வரை இறங்கியிருந்தது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, கோழிக்கறியும் சாராயமும் வைத்தார்கள். இலை ஓரத்தில் காரை வைத்தேன்.

"என்ன பாஸ், செத்தவனுக்கு வெளயாட்டுச் சாமானா?" என்றார் இறந்தவரின் அண்ணன். கைவேலைக்காரனை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் கையிலிருந்த ரிமோட்டைப் போட்டு, காரின் சுவிட்சையும் போட்டேன். மோட்டார் இரண்டு தடவை கீச்சிட்டது. பேட்டரி சரியாக இருக்கிறது என்று அது சொல்கிற வழக்கமான சத்தம்தான். ஆனாலும் கூடியிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

போனவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். இனி நேரமாகும்வரை யாரும் திறக்கக் கூடாது. என் கையில் ரிமோட் மினுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் கும்பிடும்போது இதென்ன என்று அண்ணன் முணுமுணுத்தார். அணைத்தேன். அணைத்த பிறகுதான் உறைத்தது. முதலில் காரை அணைக்க வேண்டும், ரிமோட்டைக் கடைசியில். கார் உள்ளே இருக்கிறது, கதவோ சாத்தியாயிற்று.

உள்ளே மோட்டார் உறுமியது.

ரிமோட்டைத் திரும்பப் போட எனக்குக் கை எழவில்லை. ரிமோட் அணைந்து கட்டளை அறுந்த வண்டி தறிகெட்டு ஓடும், சுவரில் மோதும். இது மோதவில்லை. சத்தம் மெதுவாக ஒரு பக்கம் போனது, அடுத்த பக்கம் போனது, திரும்பி வந்தது. நின்றது. பிறகு சின்னதாக ஒரு 'டக்'. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அண்ணன் கதவில் கை வைக்கப் போனார். அந்த அம்மா குறுக்கே நின்றுகொண்டார்.

"தொறக்காதீங்க. அவரு முடிக்கட்டும்."

நேரமானதும் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தோம். இலை கலையவில்லை. சிவப்புத் தரையில் இலையைச் சுற்றி டயர்த் தடம், ஒரே ஒரு வட்டம். கார் வைத்த இடத்திலேயே நின்றது. காரின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் நாலு கொக்கியும் மாட்டினபடியே இருந்தன. கழற்றிப் பார்த்தேன். உள்ளே கனெக்டரின் இரண்டு பாதியும் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"பாஸோட வேல கழண்டு போச்சு போல" என்று அண்ணன் சிரித்தார்.

எல்லோருக்கும் முன்னால் வயர்களை இழுத்துக் காட்டினேன். ஈயம் அசையவில்லை. கனெக்டரை மாட்டி அவர் கையில் கொடுத்து, ஒரு கையால் கழற்றச் சொன்னேன். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

அந்த அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஓட்டி முடிச்சா பேட்டரியக் கழட்டி வச்சிருவாரு. மாட்டுன மேனிக்கு ஒரு நாளும் விடமாட்டாரு" என்றார். பதினாறு நாளில் அன்றுதான் அவர் ஒரு கவளமாவது ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

இப்போது மாத்தளைவரை இந்தக் கதை வந்துவிட்டது. போனவர் வந்தார், ஓட்டினார், மனைவியை மன்னித்துவிட்டுப் போனார் என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது போதும். நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அண்ணன் மட்டும் பாஸ் போட்ட கனெக்டர் தானாகக் கழன்றது என்று சொல்லித் திரிகிறார். தானாகக் கழலவில்லை. அது கழல்வதற்கு இரண்டு கை வேண்டும். அது யாருடைய கை என்று எனக்குத் தெரியாது. திவசத்துக்கு நானும் வருவேன். எல்லோரும் உட்கார்ந்து கதை சொல்லும்போது, அந்த மஞ்சள் கனெக்டரை வைத்தவன் நான், என் ஈயம் விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் வாயாலேயே சொல்ல வேண்டும்.