நான்காம் சர்வரின் இருபது நொடி

இருதயராஜ் கோபக்காரர் அல்ல. ஆனால் சர்வரில் யாராவது கை வைத்தால் எங்கிருந்தோ வந்துவிடும். தூத்துக்குடிக்காரர், வயது நாற்பத்துமூன்று, தெலுங்குச் சீமையில், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மனைவி ஸ்டெல்லாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாசம். பத்து வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே வேலை: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பதினாறு சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. எந்த வாசல் வழியாக இணைப்பை உள்ளே விடுவது, ஒரே சமயத்தில் எத்தனை பேரை விடுவது, எத்தனை நொடி பொறுத்து வெட்டுவது என்றெல்லாம் சொல்லும் கோப்பு ஒன்று ஒவ்வொரு சர்வரிலும் உண்டு.

பதினாறையும் கையால் திருத்தினால் ஏதாவது ஒன்றில் பிசகும். அதனால் அவரே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார். மூலக் கோப்பு ஒன்றுதான். அதைத் திருத்தி ஸ்கிரிப்டை ஓட்டினால் பதினாறு சர்வரிலும் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துவிடும். சர்வரில் நேராக நுழைந்து யாரும் திருத்தக் கூடாது. திருத்திய வரிக்குப் பக்கத்தில் பெயரும் தேதியும் போட வேண்டும். இரண்டும் அவர் போட்ட சட்டம். மீறியவர்களை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

ஊருக்குத்தானே உபதேசம்! 2008 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, நான்காம் சர்வரில் பெரிய கோரிக்கைகள் பாதியில் அறுந்துபோவதாக வாடிக்கையாளர் புலம்பினார். மற்றவை போல அதுவும் இருபது நொடிதான் பொறுக்கும்; பெரியவை வருவது அங்கே மட்டும்தான், அதற்கு அது போதவில்லை. முறைப்படி அனுமதி வாங்க மூன்று நாளாகும். இருதயராஜ் நேராக உள்ளே நுழைந்து இருபதை நூற்றிருபதாக்கினார். பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே பெயரும் தேதியும் போட்டார். மூலக் கோப்பில் திங்கட்கிழமை ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார். திங்கட்கிழமை வந்தது, போனது. அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்து, வாடிக்கையாளர் எதையும் மாற்ற விடாத வருஷம் அது. ஸ்கிரிப்டை ஓட்டும் வேலையே வரவில்லை.

2009 பிப்ரவரியில் பழைய வாசல் ஒன்றை அடைக்கச் சொன்னார்கள். வேலை பத்மப்ரியாவுக்கு வந்தது. அதே ஊரின் திருமுல்கேரியில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்; காண்ட்ராக்டில் சேர்ந்து ஏழு மாதம். அனுமதி வாங்கினாள், மூலக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாள், காலை பதினொரு மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டினாள். அவள் பக்கம் எள்ளளவும் பிசகில்லை. ஆனால் நான்காம் சர்வரில் நூற்றிருபது போய், மூலக் கோப்பிலிருந்த இருபது வந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் அமெரிக்கா விழித்ததும் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஆபரேஷனுக்கு அனுமதி கேட்ட நோயாளிகள் இரண்டு மணி நேரம் காத்துக்கிடந்தார்கள். கூப்பிட்ட பத்தாவது நிமிஷம் இருதயராஜுக்கு விளங்கிவிட்டது. பழைய கோப்பை அழிக்கும் முன் ஸ்கிரிப்ட் அதில் ஒரு நகல் எடுத்து ஒதுக்குப்புறமாக வைக்கும். அது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். நகலைத் திறந்தார். நூற்றிருபது. பக்கத்தில் அவர் பெயர்.

மூலக் கோப்பைச் சரிசெய்து ஓட்டினார்; எல்லாம் சீரானது. மேனேஜர் சக்ரபாணி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“நல்லவேளை நீங்க இருந்தீங்க. அந்தப் பொண்ணு என்னத்த மாத்தித் தொலச்சுது?”

“பாத்துட்டு காலைல எழுதித் தாரேன் சார்.”

பத்மப்ரியா அவர் மேஜைக்கு வந்தாள். “ஒரு லைன்தான் சார் மாத்தினேன், ஹவ்.” ‘ஆமாம்’ என்பதற்கு அவள் ஊர்ப் பேச்சு அது. “அந்த மெஷின்ல இருந்த பழைய ஃபைல் எங்கயாச்சும் கிடைக்குமா? கிடைச்சா நானே காட்டிடுவேன்.”

“தேடிப் பாத்துட்டேன், கிடைக்கலம்மா,” என்றார். “ஸ்கிரிப்ட் அழிச்சிரும்.”

சொன்ன வாய் கசந்தது. வீட்டில் சாப்பிடும்போது ஸ்டெல்லாவிடம் கொட்டினார்.

“ஆளக் குறைக்கிற நேரம். இப்பப் போயி நான்தான்னு நின்னா உங்களத்தான் மொதல்ல அனுப்புவாவ. இந்த வயசுல யாரு வேலை தருவா? அந்தப் புள்ளைக்கு வயசு இருக்கு.”

“அப்போ பொய் சொல்லச் சொல்லுதியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கேட்டீங்க.”

காலையில் அறிக்கை எழுதினார். ‘ஸ்கிரிப்டை ஓட்டியவர் அதற்கு முன் சர்வரில் இருந்த அளவுகளைச் சரிபார்க்கவில்லை.’ ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, அதுதான் கேவலம். அனுப்பிவிட்டு அந்த நகலை அழித்தார்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். போகும்போது அவரிடம் வந்தாள். “எனக்காகத் தேடிப் பாத்தீங்களே சார், அது போதும்.” அவரால் தலைநிமிர முடியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது.

மறுவாரம் சக்ரபாணி, இனி இப்படி நடக்காமலிருக்க ஸ்கிரிப்டில் ஒரு சோதனை சேர்க்கச் சொன்னார். சர்வரில் இருப்பதும் மூலத்தில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் ஓட்டம் நின்றுவிட வேண்டும். அரை மணி நேர வேலை. பத்து வருஷத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆபீசில் அதற்கு ‘பத்மப்ரியா செக்’ என்று பெயர் விழுந்தது.

அவளுடைய இடத்துக்கு வேறு பிரிவிலிருந்து சரத் வந்தார். முதல் நாளே கேட்டார்: “யாரு சார் இந்தப் பத்மப்ரியா?”

“முன்னால ஒரு பொண்ணு இருந்துச்சு,” என்றார் இருதயராஜ். “யார்ட்டயும் சொல்லாம சர்வர்ல கைய வச்சிட்டுது.”

சொல்லி முடித்த பிறகுதான் யார் செய்ததைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சரத் தலையாட்டிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.