சமைத்தது யார் என்று மந்திரி கேட்டார்

எங்கள் கட்சிக் கிளைத் தலைவர் பொய் சொல்கிறார். போன மாதம் கோயில் மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துல மந்திரிய இந்த ஊருக்குக் கொண்டாந்தவன் நான். அன்னைக்கு ஒருத்தர் மனுவையும் நான் தடுத்ததில்ல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டியது தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு மனு தடுக்கப்பட்டது. தடுக்கச் சொன்னது அவர். தடுத்தது நான்.

எண்பதுகளின் நடுவில், ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலை ஓரத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், ஆறு மேசை. செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். கடை நின்ற இடம் என்னுடையது இல்லை, அரசாங்க நிலம். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், காலி செய்ய வேண்டியிருக்கும் என்று கடிதம் வந்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒரு வரிசை கடைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று கிடைத்தால் பிழைத்தேன். இல்லையென்றால் திரும்பத் தோட்டத்துக்குப் போய்க் குலை வெட்ட வேண்டியதுதான்.

கடையில் சமைத்தது நான் இல்லை. நான் பரிமாறுவேன், தேத்தண்ணி கலக்குவேன். மனைவி கல்லாவில் இருப்பாள். சமையல் ஒரு அக்கா. எங்கள் தோட்டம்தான், எங்கள் லயத்து வரிசைதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கணவர் குலை லோரி கவிழ்ந்து செத்துப்போனார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே அக்கா சைக்கிளில் வந்து கடை வாசலில் நிற்பார். நான் போய்க் கதவைத் திறப்பேன். ஐந்து வருஷம் அப்படி.

அக்காவுக்கு அட்டைதான் பிரச்சினை. தோட்டத்திலேயே பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் யாரும் எடுக்கவில்லை. அதனால் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு என்றால் குடியுரிமை இல்லை. புருஷன் இருந்தவரை அது உறைக்கவில்லை. அவர் போனபிறகு ஒரு நாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து, லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான், வருஷக் கடைசிக்குள் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கத்தின் மலிவு விலை வீட்டுக்கு எழுதிப் போட, குடியுரிமை உள்ளவர்களின் நீல அட்டை வேண்டும். நீல அட்டைக்காக இரண்டு தடவை நேர்முகத்துக்குப் போனார். கேட்பதற்கெல்லாம் மலாயில் பதில் சொல்ல வேண்டும். மலாய் அவருக்குத் தெரியாமல் இல்லை, லோரிக்காரர்களை மலாயிலேயே கேலி செய்வார். ஆனால் மேசைக்கு எதிரில் ஓர் அதிகாரி உட்கார்ந்ததும் பயத்தில் பேச்சு வரவில்லை. இரண்டு தடவையும் அழுதுகொண்டு திரும்பினார்.

இந்த நேரத்தில்தான் கிளைத் தலைவர் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, உனக்கு யோகம்லா. வர்ற சனிக்கெழம மந்திரி வர்றாரு. தமிழ்ப்பள்ளிக்கூடத்துல அடிக்கல் நாட்டுறாரு. பகல் சாப்பாடு உன் கடையில."

"என் கடையிலயா? கக்கூஸ் கதவே ஒழுங்கா மூடாது தலைவரே."

"மூடற மாதிரி பண்ணு. மந்திரிக்கு நண்டுன்னா உசுரு. வயிறு நெறஞ்சதும் உன் கடை விசயத்த நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். நீ கேட்டுக்க."

அந்த ஒரு வாரம் நான் மனிதனாக இல்லை. சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்தேன், பாதியில் சாயம் தீர்ந்து மீதிக்கு வேறு பச்சை. பக்கத்துச் சீனர் காப்பிக் கடையில் நாற்காலி இரவல் வாங்கினேன். கழிப்பறைக்குப் புதுக் கதவு, புது வாளி, வாசனைச் சோப்பு. அந்தச் சோப்பை என் மனைவி அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"பாருங்கக்கா, எனக்கு ஒரு நாள் இந்தச் சோப்பு வாங்கித் தந்ததில்ல. கக்கூசுக்கு வாங்கியாந்திருக்காரு."

"மந்திரிக்கு அவசரம் வரலன்னா அது நமக்குத்தான். சத்தம் போடாம இரு" என்றார் அக்கா.

வியாழக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே அக்கா என்னைக் கூப்பிட்டார். தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவரிடம் சொல்லி, நீல அட்டை கேட்டு மலாயில் மனு எழுதி வாங்கியிருந்தார். நெகிழிப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, சாப்பிட்டுட்டுக் கை கழுவ இந்தக் கொழாய்க்குத்தான வருவாரு? அப்ப ஒரு நிமிசம். கையில குடுத்துட்டு வந்துடறேன். பேசக்கூட மாட்டேன்."

"ஒரு நிமிசம் என்னக்கா, தாராளமா குடுங்க" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாசிர் பெனம்பாங் போய், படகு வந்ததும் நின்று பொறுக்கி நண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரியது. கடைக்கு வந்து பெட்டியைத் திறந்து பெருமையாக அக்காவிடம் காட்டினேன். அவர் நண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு என்ன கெழம தம்பி?"

"சனிக்கெழம."

"என்ன மாசம்?"

என் மனைவிதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, பெரட்டாசி மொத சனி!"

எங்கள் பக்கத்தில் புரட்டாசிச் சனிக்கு எவர் வீட்டிலும் கவிச்சி இருக்காது. என் கடையிலேயே அன்றைக்குச் சைவம்தான். மந்திரி மந்திரி என்று ஒரு வாரம் கத்தியதில் மாசத்தையே மறந்துவிட்டோம். தலைவருக்கு ஆள் அனுப்பினேன். அவர் எங்கெங்கோ தொலைபேசியில் பேசிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். மந்திரி புரட்டாசி முழுக்கச் சைவமாம்.

"நல்லவேளை, எல போட்டதுக்கு அப்பறம் தெரியல. மானம் போயிருக்கும்லா" என்றவர், ஐஸ் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இத என்ன பண்ணப் போற?"

நண்டு அவர் காரின் பின்னால் ஏறியது. அவர் வீட்டில் அதை என்றைக்குச் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

"பயப்படாதீங்க" என்றார் அக்கா. "சைவம்தான எனக்கு வேல? காலையில நாலு மணிக்கு வந்துடறேன்." கூட்டு, பொரியல், வற்றல் குழம்பு, ரசம், பாயசம் என்று அவர் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதிக்கொண்டாள். எங்கள் மானத்தை அந்த மத்தியானம் காப்பாற்றியது அவர்தான். அதைத் தலைவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டுப் போனார்.

"அந்தம்மா மனு குடுக்கப் போவுதாமே?"

"ஆமா தலைவரே. கை கழுவறப்ப ஒரு நிமிசம்."

"வேணாம்லா. ஒருத்தர விட்டா தோட்டமே வந்து நிக்கும். அப்பறம் உன் கடையப் பத்திப் பேச நேரம் எங்க இருக்கும்? இன்னொண்ணு, ஆரத்தி எடுக்கறாங்க, சுமங்கலிங்க நிக்கற எடம். பொட்டில்லாத நெத்தி மந்திரி கண்ணுல படக்கூடாது. பின்னாலயே இருக்கட்டும். நீதான் சொல்லணும்."

எனக்கு அந்தச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. ஐந்து வருஷமாகக் கடை திறக்கும்போது நான் முதலில் பார்த்த முகம் அக்காவுடையது. என் வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இதைத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதுக் கடையை நினைத்துக்கொண்டு, "சரி தலைவரே" என்றேன்.

அக்காவிடம் மனுவைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை. சகுனத்தை மட்டும் சொன்னேன். "நாளைக்கு ஆரத்தி எல்லாம் எடுக்கறாங்கக்கா..." என்று இழுத்தேன். அவரே முடித்தார்.

"தெரியும் தம்பி. நான் முன்னால வரமாட்டேன். கொழாய்க்கிட்ட மட்டும் நிக்கறேன்."

"ம்" என்றேன்.

மறுநாள் காலையில் நான் செய்த முதல் வேலை, சீனர் கடையிலிருந்து ஒரு பெரிய பித்தளைக் கிண்ணமும் கூஜாவும் வாங்கி வந்து மந்திரியின் மேசைக்குப் பின்னால் வைத்தது. சாப்பிட்டவர் குழாய்க்கு எழுந்து போக வேண்டாம், கையை மேசையிலேயே கழுவிக்கொள்ளலாம். மரியாதைக்காக என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள்.

ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து கொடுத்தது அக்காதான். பின்னால் நின்று தட்டை நீட்டினார். என் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் வாங்கிக்கொண்டு போய் முன்னால் நின்றார்கள்.

மந்திரியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. களைத்துப்போய் வந்தார், சிரித்த முகமாக உட்கார்ந்தார். வற்றல் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கடைச் சாப்பாடு மாதிரியே இல்லையே. சமைச்சது யாரு? கூப்பிடுங்க, பாக்கணும்."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. அந்தச் சுவரில் எல்லாம் கேட்கும். தலைவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா என்று கூப்பிட்டால் போதும்.

"என் சம்சாரம்தாங்க ஐயா" என்றேன்.

மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். அவளுக்கு முகம் வெளுத்திருந்தது. மந்திரி அதை வெட்கம் என்று நினைத்திருப்பார்.

"நல்ல கைப்பக்குவம்மா உங்களுக்கு. என்னால ஆகக்கூடியது எதாச்சும் இருந்தா கேளுங்க. தயங்காதீங்க."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க கடைய எடுக்கப் போறாங்க ஐயா. புது வரிசையில ஒண்ணு கெடச்சா..." தலைவர் உடனே, "நம்ம ஆளுங்கய்யா, நல்ல மனுசன்" என்றார். மந்திரியின் உதவியாளர் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிண்ணத்தைக் கொண்டுவந்து நானே தண்ணீர் ஊற்றினேன். மந்திரி உட்கார்ந்தபடியே கை கழுவினார். கார்கள் போய்விட்டன.

பின்னால் போனேன். அக்கா குழாயடியில் நின்றிருந்தார். துவைத்த சேலை கட்டியிருந்தார். நான்கு மணிக்கு வந்து அவ்வளவும் சமைத்து முடித்து, எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை. கையில் நெகிழிப் பை.

"போயிட்டாரா?"

"போயிட்டாருக்கா. அவசரமா போயிட்டாரு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சுவர் வழியாக எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். பையை இடுப்பில் செருகினார்.

"ரசம் மீந்திருக்கு தம்பி. புள்ளைங்களுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போவட்டுமா?"

சோறு, பாயசம், எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். ரசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. "அவங்க செஞ்ச சாப்பாட்டுக்கு என்னப் பேர் வாங்க வச்சிட்டீங்களே" என்றாள். அதற்கு நான் கத்தினேன். கடை யாருக்காகக் கேட்டேன், எனக்கு மட்டுமா என்று கத்தினேன்.

மூன்று மாதத்தில் புதுக் கடை கிடைத்தது. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். என் பிள்ளைகள் அதன் வருமானத்தில்தான் படித்தார்கள். வருஷக் கடைசியில் அக்கா லயத்து வீட்டை விட்டார். ராவாங்கில் ஒரு வீட்டின் பின்னால் ஓர் அறையில் வாடகைக்குப் போனார். மூத்தவள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள், அடுத்த இரண்டு வருஷத்தில் சின்னவளும். என் மனைவி தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் போனதில்லை. வேலை இருக்கிறது என்பேன். போன வருஷம் அக்கா இறந்தபோதுதான் போனேன். இறப்பைப் பதிய மகள் எடுத்து வைத்திருந்த அட்டை சிவப்பாகத்தான் இருந்தது.

அந்த மனு மந்திரி கைக்குப் போயிருந்தால் நீல அட்டை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ மனு குப்பைக்குப் போயிருக்கிறது. ஆனால் நான் வாயால் கேட்டது எனக்குக் கிடைத்தது. அவரால் கேட்கவே முடியாமல் போனது. நடுவில் நின்றது நான். ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு நின்றேன்.

தலைவரே, கிளையின் ஆண்டுக்கூட்டம் வருகிறது. நீங்கள் மேடையில் இருப்பீர்கள். அக்காவின் மகள்கள் இரண்டு பேரிடமும் நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். மூத்தவள் என்னைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். சின்னவள் கூட்டத்துக்கு வருகிறேன் என்றாள். முதலில் நான் எழுந்து அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். யார் காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வேன். அதன் பிறகு நீங்கள் எழுந்திருங்கள். வயதாகிவிட்டது, ஞாபகமில்லை என்று சொல்லாதீர்கள். போன மாதம் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதே ஒலிவாங்கியில், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அவள் அம்மாவைப் பின்னால் நிறுத்தி வைக்கச் சொன்னீர்களா, இல்லையா?