நான்காவது உறுப்பினர்

ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. பூட்டக்கா என்றால்தான் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பாள். "கல்யாணத்தன்னிக்கு என்னை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பிச்சா, இன்னும் முடிக்கல" என்பார் ஆம்புலன்ஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர்.

பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. யாருக்கு என்ன நோய், யார் ரத்தத்தில் என்ன இருந்தது, எல்லாம் மூன்று சர்வர்களில் இருந்தன. ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டும் நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டால் மற்றவை தாங்கும்.

ஒரு திங்கட்கிழமை, அந்த மென்பொருளைச் செய்த நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது. உள் நெட்வொர்க்கில் எந்தக் கம்ப்யூட்டராவது 'நானும் இந்தக் கூட்டத்தில் ஒருத்தன்' என்று சொல்லிக்கொண்டு வந்தால், பாஸ்வேர்டு கேட்காமலே சேர்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்துவிடுகிறதாம். திருத்தம் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை மூன்று சர்வர்களின் முகவரியை மட்டும் அனுமதித்து, மற்றதையெல்லாம் தடுத்து வைக்கச் சொன்னார்கள்.

தடுப்பதற்கு முன், எந்தெந்தக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது என்ற பழைய பதிவுகளைப் புரட்டினாள். தினமும் காலை ஒன்பது பத்துக்கு நான்காவதாக ஒன்று உள்ளே வந்து, இருபது நிமிஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறது. ஆறு மாதமாக! முகவரி நாளுக்கு நாள் மாறியது. இரண்டாம் மாடி வைஃபை என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டாம் மாடியில்தான் நெட்வொர்க்குக்காரன் உட்கார்ந்திருந்தான். போன மாதம் புது பைக் வாங்கியிருந்தான். போதாதா? நேரே போய் நின்றாள்.

"காலையில ஒன்பது மணிக்கு நீ எங்கப்பா இருப்ப?"

"ஏன்க்கா, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?"

"பைக் எப்படி வாங்கின?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "என் பொண்டாட்டி லோன் போட்டு வாங்கினது. பேப்பர் கொண்டுவந்து காட்டட்டுமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அவள் நம்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் எட்டு மணிக்கே வந்து தடுப்பைப் போட்டாள். உள்ளே வந்துபோகிறவன் வழி அடைபட்டால் எப்படியும் முனகுவான்; முனகுகிறவனைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஒன்பதே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. புள்ளிவிவரப் பிரிவு அண்ணன் நின்றார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருப்பவர்; அவள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்கக் கூட இருந்தவர்.

"ஏம்மா, நெட்ல ஏதாவது கோளாறா? இன்னிக்கு எனக்கு டேட்டா வரலியே."

"உங்களுக்கு எங்கேர்ந்துண்ணே டேட்டா வருது?"

அவர் ஒளிக்கவில்லை. சுகாதாரத் துறைக்குத் தினமும் அறிக்கை அனுப்பவேண்டும். அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதமாகியும் பதில் இல்லை. இன்டர்நெட்டில் யாரோ சொல்லியிருந்த குறுக்குவழியைப் பார்த்துத் தன் லேப்டாப்பையே சேர்த்துவிட்டார். தினமும் பஸ்ஸில் தூக்கிப்போகும் அந்த லேப்டாப்பில் ஊரார் நோயெல்லாம் இருந்தது. அதற்குப் பாஸ்வேர்டும் கிடையாது.

"யார்கிட்டண்ணே கொடுத்தீங்க விண்ணப்பத்தை?" என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தன் மேஜை டிராயரில், கட்டோடு கட்டாக அது கிடந்தது. அவரை முழுசாக நம்பாததால்தான் தள்ளிப்போட்டிருந்தாள்.

அன்று மதியமே மேலதிகாரிக்கு எழுதினாள். அண்ணன் செய்ததை எழுதினாள். விண்ணப்பம் தன்னிடம் தூங்கியதையும் விடாமல் எழுதினாள். லேப்டாப்பைப் பறிமுதல் செய்தார்கள். அண்ணனைக் கிடங்குக்கு மாற்றினார்கள், அவளுக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. நெட்வொர்க்குக்காரனிடம் மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லக்கா" என்றான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்று வாரத்தில் திருத்தம் வந்தது, போட்டாள். "ஒண்ணும் வெளியே போகலைன்னு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார் மேலதிகாரி.

"முடியாது சார். அந்த லேப்டாப்பை யார் யார் திறந்தாங்கன்னு எதுலயும் பதிவு இல்ல. தெரியலன்னுதான் எழுதுவேன்."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். கிடங்குப் பக்கம் போகும்போது அண்ணன் இப்போதும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறார். அவள் நின்று பதில் சொல்கிறாள்.