உள்ளங்கையில் உருகிய ரத்தம்

தெப்ரா என்ற ஊரில் நான் துப்புரவு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அவர் விஞ்ஞானி. குட்டையாக வெட்டிய நரைமுடி, தூக்கம் காணாத கண்கள். உறையவைத்த ரத்தம் உள்ள சோதனைக் குழாயை உருக்கும் இயந்திரத்தில் வைக்கமாட்டார். கையுறை போட்ட கையில் பொத்திப் பிடித்தே உருக்குவார். வெயிலில் உழைக்கும் எஸ்டேட் ஆட்களுக்கு வரும் சிறுநீரக நோய்க்கு, அவர்கள் கொடுத்த ரத்தத்தை வைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தார். அந்த மருந்தைக் கடைவரை கொண்டுபோகத் தெரியவேண்டும் என்றுதான் வார இறுதிகளில் எம்பிஏ படித்தார்.

படித்து முடித்ததும் நிர்வாகம் அவரிடமே கேட்டது, இந்த ஆய்வு தேறுமா என்று. தேறாது என்று எழுதிக் கொடுத்தார்.

ஆய்வை நிறுத்திக் குழாய்களை அழிக்கும் நாளில் நான் மஞ்சள் கழிவுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர், பெக்கோக் எஸ்டேட்ல எங்க அண்ணன் குடுத்த ரத்தமும் இதுல இருக்குங்களா?"

"இருக்குக்கா."

"மருந்து எப்ப வரும்னு இன்னும் கேக்குறாரு."

"வராதுன்னு சொல்லிருங்க. எஸ்டேட் ஆளுங்களுக்கு மட்டும் மருந்து செஞ்சா எந்தக் கம்பெனியும் நிக்காது. நான்தான் அப்படி எழுதுனேன்."

பெட்டியில் பெயர்ச்சீட்டுகளைப் பார்த்துத் தேடி ஒரு குழாயை எடுத்தார். பொத்திப் பிடித்தார். உள்ளே ரத்தம் இளகி ஆடும்வரை அசையாமல் நின்றார். பிறகு பையில் போட்டார்.

குப்பைக்குப் போகிற ரத்தத்தை எதற்கு உருக்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை.