கை மாறி வந்த கேமும் கடைசிக் கதவும்

அத்தையை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவருடைய கட்டைவிரல் நகமும் அதில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியும்தான். ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் அவருடைய கடை இருந்தது. மழை விட்டிருந்த ஒரு காலையில் பழைய வீடியோ கேம் டிஸ்க்குகளின் பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிக்குள்ளிருந்து சின்னத் தாள் ஒன்று விழுந்தது. அதில் வெள்ளிப் பட்டை ஒட்டியிருந்தது. போனுக்குக் காசு ஏற்றுகிற அட்டை என்று நினைத்து நகத்தால் சுரண்டினார். உள்ளே தெரிந்த எண்ணைப் போனில் அடித்தார். எண் தவறு என்று போன் பர்மியத்தில் சொன்னது. மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு, “கப்பல்ல வந்த அட்டைகூட ஏமாத்துது பாரு” என்று தாளைக் கசக்கி வாசல் சாக்கடையில் போட்டார். மழைத்தண்ணீர் அதைக் கொண்டுபோயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த நேரம் நான் தலை நிமிரவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பா அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். தாத்தாவும் அதையேதான் செய்தார். அத்தையின் கணவர் கப்பலில் சமையல்காரர். சிங்கப்பூரில் கப்பல் நிற்கும்போது மாலுமிகள் விளையாடி முடித்த டிஸ்க்குகளை அவர் வாங்கி வருவார். அத்தை அவற்றை விற்பார். அந்த நாளில் ரங்கூனில் எந்த மூலையிலும் நகல் டிஸ்க் கிடைத்தது. அத்தை அதைத் தொடமாட்டார். “எவனோ சமைச்ச சோத்தை நான் சமைச்சதா சொல்லி விக்கறதா? இது வேற. இது ஒருத்தன் உடுத்தின சட்டையை இன்னொருத்தன் உடுத்தறது” என்பார். கடையில் ஒரு பழைய டிவி இருந்தது. யார் வந்தாலும் டிஸ்க்கைப் போட்டு, ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் வரை விளையாடிப் பார்த்த பிறகுதான் எடுக்க விடுவார். உறையில் உள்ள எழுத்து அவருக்குத் தெரியாது. அதனால் படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துக்கொண்டார். ஒன்று கோபக்கார ராணி, ஒன்று மழைவீடு, இன்னொன்று நொண்டி ரோபோ. வாடிக்கையாளர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

வெள்ளிப் பட்டைத் தாள் மழைவீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. அந்த டிஸ்க்கை ஒரு பர்மிய டாக்சி ஓட்டுநர் வாங்கினார். பெரிய உடம்பு, கூச்சமான முகம். ஒரு மாதம் கழித்து டிஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஆன்ட்டி, கதவு திறக்கமாட்டேங்குது” என்றார்.

அத்தை தன் கடைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். “திறந்துதானே தம்பி இருக்கு.”

“இந்தக் கதவு இல்லை. வீட்டோட மாடியில கடைசியா ஒரு கதவு. எண் கேக்குது.”

டிவியில் போட்டுக் காட்டினார். நான் திரையில் இருந்ததைப் படித்தேன். கடைசி அத்தியாயம் புதிதாக வாங்கியவருக்கு மட்டும். பெட்டியில் உள்ள எண் ஒரே ஒரு முறைதான் செல்லும் என்று எழுதியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிப்போனது. முதலில் வாங்கிய மாலுமி அந்த எண்ணைப் பயன்படுத்தவே இல்லை. கதவைத் திறக்கக்கூடிய எண்ணை அத்தை சுரண்டி, போனுக்குக் கொடுத்து, சாக்கடையில் போட்டிருந்தார்.

அத்தை எதையும் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். ஓட்டுநர் கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார், பிறகு கொஞ்சம் வருத்தமாக, “ஒரு மாசமா தினமும் வண்டி ஓட்டி முடிச்சு விளையாடினேன். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு மட்டும் யாராவது சொன்னா போதும்” என்றார். அத்தை இரண்டு டிஸ்க்குகளை எடுத்து நீட்டினார். அவர் மழைவீட்டைத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். “ஏன்டி இங்கிலீஷ்காரி, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறது எதுக்கு? பக்கத்துல உக்காந்துகிட்டு வேடிக்கை பாக்கவா?” அதில் கேலியும் இருந்தது, கேலி இல்லாததும் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே உள்ள ஒவ்வொரு தாளையும் நான் படித்தேன். எண் செலவாகிப்போன பெட்டிகளின்மேல் “கடைசிக் கதவு திறக்காது” என்று பர்மியத்தில் எழுதி ஒட்டினோம். அவற்றை யாரும் எடுக்கவில்லை. முக்கால் பங்கு கதை உள்ளே இருந்தும் அவை குப்பையாகிவிட்டன. மழைவீட்டை நான் விளையாடினேன். கதவுவரை போனேன். திறக்காத கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று பள்ளி நோட்டில் பதினோரு பக்கம் வரைந்தேன். ஓட்டுநர் அடுத்த முறை வந்தபோது அதைக் காட்டினேன். நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, “பாதியாவது இப்படித்தான் இருக்கும்” என்றார். என் வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது அந்த இடத்தில்தான்.

இப்போது நான் வீடியோ கேம் செய்கிறவள். எங்கள் வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள், கணினிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாங்கள் நாலு பேர். நகரத்தின் வடக்கே மிங்கலாடோனில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் வேலை. மின்சாரம் வரும் நேரத்தில் வரைவோம், வராத நேரத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தால் வரைவோம். எங்கள் முதல் கேமுக்கு இரண்டரை வருடம் ஆனது. படகில் பாரம் ஏற்றி ஓடையைக் கடக்கும் ஒரு பெண்ணின் கதை. ஐந்து அத்தியாயம். ஐந்தாவதை முழுக்க நான்தான் வரைந்தேன்.

வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருவர் அதை டிஸ்க்குக்குப் பதில் சிறு கார்ட்ரிட்ஜில் பதித்துக் கடைகளுக்கு அனுப்பச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார். ஐந்தாவது அத்தியாயத்துக்கு ஒரு பூட்டு வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு ஒருமுறை எண். பழையதாக வாங்குகிறவர் தனியாகக் காசு கட்டித் திறந்துகொள்ளட்டும். அந்தப் பூட்டுத் திரையை வரைய வேண்டியவள் நான்.

எங்கள் குழுவின் தலைவரை நாங்கள் ஸயா என்று அழைப்போம்; பர்மியத்தில் ஆசான் என்று பொருள். அவர் பேராசைக்காரர் இல்லை. சம்பளம் போதாத மாதத்தில் தன் மோட்டார் சைக்கிளை விற்று எங்களுக்குக் கொடுத்தவர். “ஒரே கார்ட்ரிட்ஜை அஞ்சு பேர் கை மாத்தி விளையாடினா, நமக்கு வர்றது ஒருத்தர் குடுத்ததுதான். மத்த நாலு பேர் குடுத்த காசு கடைக்காரனுக்குப் போகுது. அவன் ஒரு கோடாவது வரைஞ்சானா?” என்று கேட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பழைய கேம் வாங்குவது செய்தவர்களைப் பாதிக்கவே இல்லை என்று நான் சொன்னால் அது என் அத்தைக்காகச் சொல்கிற பொய்யாக இருக்கும். பாதிக்கும். எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு ஒவ்வொரு பிரதியும் ஒரு நாள் டீசல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போனேன். கடை அதே இடத்தில், அதே படிக்கட்டுக்குக் கீழே. டிவி மட்டும் புதிது. பூட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கடைக்காகப் பூட்டு வேண்டாம் என்று பேசுவார் என எதிர்பார்த்தேன்.

“போடு பூட்டை” என்றார்.

“அத்தை, பூட்டு போட்டா உங்க கடையில ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க.”

“எடுக்காட்டி போகட்டும். வேற எடுப்பாங்க. ரெண்டரை வருசம் கண்ணு வீங்க உக்காந்தவ நீ. எனக்குப் பாவம் பாத்து உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காத.”

“உங்களுக்காக இல்லை.”

“பின்ன யாருக்கு? அந்த டாக்சிக்காரனுக்கா? அவன் இப்ப தாத்தாவாயிட்டான்டி!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “படிச்சவ நீ. நல்லா யோசிச்சு முடிவு பண்ணு. ஆனா என்னைக் காரணம் சொல்லாத. அதை நான் ஒத்துக்கமாட்டேன்” என்றார்.

அவர் அப்படிச் சொன்னது நல்லதாயிற்று. அத்தையின்மேல் உள்ள பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க முடிந்தது. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பூட்டு கடைக்காரரைத் தடுப்பதில்லை. அவர் வேறு டிஸ்க் விற்பார். கதவின் முன்னால் நிற்பவர் எங்கள் கதையை நாலு அத்தியாயம் நேசித்து வந்தவர். எங்களுக்கு யார் மிகவும் வேண்டியவரோ, அவர் முகத்தில் கதவைச் சாத்துகிறோம். புதிதாக வாங்குகிற ஒருவர், விளையாடி முடித்தபின் விற்றுக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் அந்த விலையைக் கொடுக்கிறார் என்பதையும் அத்தையின் கடையில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எண்ணைச் சரிபார்க்க இணையம் வேண்டும். எங்கள் ஊரில் இணையம் நாள்கணக்கில் போய்விடுகிறது. புதிதாக வாங்கிய ரங்கூன்காரரும் கதவுக்கு வெளியேதான் நிற்பார். பதிப்பாளர் என்றைக்காவது தொழிலை மூடினால் எண்ணைச் சரிபார்க்க யாரும் இல்லை; உலகத்தில் ஒருவருக்கும் ஐந்தாவது அத்தியாயம் இருக்காது. நான் வரைந்தது இருந்த இடம் தெரியாமல் போகும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இதை எல்லாம் சொன்னேன். கடைசியாக, “பூட்டுத் திரையை நான் வரையமாட்டேன் ஸயா” என்றேன்.

ஸயா கணக்கு நோட்டைத் திறந்தார். “பதிப்பாளர் தர்ற முன்பணத்தைக் குறைப்பாங்க. உன் பங்கும் குறையும்.”

“குறையட்டும்.”

“என் பங்கைக் குறைக்க நீ யாரு?” என்று எங்கள் குழுவில் இசையமைப்பவர் கேட்டார். அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. அவருக்கு ஏற்படும் குறையில் பாதியை என் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கும் அவர் கோபம் தணியவில்லை; ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. ஸயா பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். முன்பணம் குறைந்தது. பிரதிகளும் குறைந்தன. ஐந்து அத்தியாயமும் பூட்டில்லாமல் உள்ளே போயின.

போன மாதம் அத்தை போன் செய்து வரச் சொன்னார். ஒரு மாலுமி எங்கள் கேமைப் பழைய சாமான்களோடு கொண்டுவந்து போட்டிருந்தார். அத்தை அதை அலமாரியில் வைக்காமல் கல்லாவுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தார். “உன் பேரு போட்டதைப் பழசா விக்க எனக்கு மனசு வரல. நீயே கொண்டுபோயிடு” என்றார். பெட்டியைக் கையில் வாங்கினேன். ஓரம் தேய்ந்திருந்தது. யாரோ முழுதாக விளையாடியிருக்கிறார். வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். துணியைப் பிரித்து, அலமாரியில் கண்ணுக்கு நேரே வைத்தேன். அத்தை என்னை முறைத்தார், ஆனால் எடுக்கவில்லை.

நான் கிளம்புவதற்குள் ஒரு கல்லூரிப் பெண் வந்து அதை எடுத்தாள். டிவியில் போட்டு, தேநீர் ஆறும் வரை விளையாடினாள். படகு ஓடையின் நடுவில் சாயும் இடத்தில் அவள் உடம்பும் சாய்ந்தது. நான் யார் என்று நாங்கள் சொல்லவில்லை.

“ஆன்ட்டி, இதைச் செஞ்சவங்க வேற ஏதாவது செஞ்சிருக்காங்களா?” என்று பர்மியத்தில் கேட்டாள்.

அத்தை என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். “அடுத்ததைச் செஞ்சுகிட்டிருக்காங்க. வந்தா புதுசா வாங்கணும், கேட்டியா? என்கிட்ட வராத. வந்தா விக்கமாட்டேன்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டிய தலையெல்லாம் வாங்கிவிடும் என்று நம்பும் அளவுக்கு நான் சின்னப் பெண் இல்லை. ஆனாலும் மிங்கலாடோனுக்குப் போகும் அடுத்த பேருந்தைப் பிடித்தேன். மாலை நாலு மணிக்கு எங்கள் பகுதிக்கு மின்சாரம் வரும் முறை. வரைய வேண்டியது நிறைய இருந்தது.